நாற்பத்தாறு குழிகள்

இருபத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
நாற்பத்தாறு சாமான், ஒரே பெட்டி,
மூடியில் தங்க எழுத்தில் 'ஆயுள் உத்தரவாதம்'.
யாருடைய ஆயுள் என்று போடவில்லை.

பீடோங் பசார் மாலாமில்
சாத்தே புகைக்கும் உள்பாவாடைக் கடைக்கும் நடுவில் வாங்கினேன்.
வீட்டுச் சாவி கைக்கு வந்து ஆறு நாள்.
மலிவு விலை வீடு, இரண்டாம் வரிசை,
செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம்
ஜன்னல் நடுங்கும், கதவுக் கீல் கழலும்.
அடுப்புக்கும் முன்னால் வாங்கியது இந்தப் பெட்டிதான்.

ஸ்குரூட்ரைவர் முதலில் போனது.
கீலில் மூன்றாவது ஆணி. திருகினேன்.
ஆணி அசையவில்லை,
நுனிதான் முறுக்கிக்கொண்டது.
அப்புறம் ஸ்பானர்.
குசினித் தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து
நட்டைப் பிடித்து இழுத்தால்
வழுக்கி வழுக்கி
ஆறு முனையும் மழுங்கி
நட்டு காசு மாதிரி வட்டமாகிவிட்டது.
பக்கத்து வீட்டு மெல்வின் எட்டிப் பார்த்தான்:
"அக்கா, பிளம்பரக் கூப்பிடுங்களேன்."
பிளம்பர் எண்பது கேட்டான்.
கையுறைத் தொழிற்சாலையில் எண்பது என்பது
ஒரு பகலும், அதன் பின்னால் ஓவர்டைமும்.
வாளியை வைத்தேன்.

ஏழு மாதம் அந்த வாளி.
இரவில் சொட்டுவதை எண்ணி
எத்தனையாவதில் தூங்கினேன் என்று காலையில் தெரியாது.

சம்பளத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.
ஆ செங் கடையில் பிளையரை எடுத்து, வாயை மூடி,
டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பேன்.
பல்லிடுக்கில் வெளிச்சம் வந்தால் கம்பி நிற்காது.
பழைய பிளையர் கம்பியை நழுவவிட்டு
என் விரலைக் கடித்த அன்று கண்டுபிடித்தது.
எட்டு பார்த்தேன். ஏழு இளித்தன.
ஆ செங் கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்கி
"நீ பிளையர் வாங்குறியா, மாப்பிள்ளை பாக்குறியா?" என்றார்.
எட்டாவதுக்கு இரண்டு வெள்ளி குறைத்தார்.

பைப் ரெஞ்சுக்கு மட்டும் புதுசு கட்டுப்படியாகவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, சுங்கைப் பட்டாணி,
பழைய சாமான் விரித்த தார்ப்பாய்.
ஃபேன் இறக்கை, ரிமோட், ஒற்றைச் செருப்பு,
அவற்றுக்கு அடியில் செங்கல் நிறத்தில் கிடந்தது.
தாடையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்,
ஆடவில்லை.
பன்னிரண்டு என்றான். ஒன்பதுக்குத் தந்தான்.
மைலோ டின்னில் டீசல் ஊற்றி
இரண்டு இரவு ஊறப்போட்டேன்.
துரு இறங்க இறங்க
பல் வெளியே வந்தது, ஒன்றுகூடத் தேயவில்லை.

வட்டமான நட்டுக்குப் பல் உள்ளதுதான் சரி.
கடித்தது. ஒரு சின்ன முனகல்,
பிறகு பணிந்து திரும்பியது.
புது வாஷர் போட்டேன். அறுபது காசு.
வாளியைத் துடைத்துக் கவிழ்த்து
அதன் மேலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

ஓய்வு நேரத்தில் லோகேஸ்வரி கணக்குப் போட்டாள்:
"இருநூத்திப் பதினொன்னு ஆச்சுடி.
அந்தக் காசுக்குப் பிளம்பர் ரெண்டு தடவ வந்திருப்பான்."
"ஆமா," என்றேன்.
வேறென்ன சொல்ல, கணக்கு சரிதான்.

சிக்கல் என்னவென்றால்
நல்ல சாமான் எதுவும் அந்தப் பெட்டிக் குழிகளில் உட்காரவில்லை.
பிளையர் தடிமன், சுத்தியல் நீளம்,
ரெஞ்சுக்கு எந்தக் குழியும் கிடையாது.
ரொட்டிக் கத்தியைச் சூடாக்கி
பிளாஸ்டிக்கைச் சுவர் சுவராக அறுத்தெடுத்தேன்,
வீடெல்லாம் நாற்றம்.
இப்போது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிறது,
மூடி மூடாது.
சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருக்கிறேன்,
கட்டு சரியாக 'ஆயுள்' மேல் விழுகிறது.

நேற்று மெல்வின் வாசலில், கையெல்லாம் கிரீஸ்,
பின்னால் மோட்டார் பாதி பிரித்தபடி.
"அக்கா, பத்தாம் நம்பர் ஸ்பானர் இருக்கா?"

டியூபை அவிழ்த்தேன்.
எட்டு இருந்தது. பன்னிரண்டு, பதினாலு, பதினேழு.
நான் துழாவத் துழாவ
அவனும் குனிந்து துழாவினான்.

சம்பளம் ஏழாம் தேதி.